மரப் பிசின் கெமிக்கல் அனாலிசிஸ்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

பாதாம் பிசின் ஒரிஜினலானு கேக்குறவங்க, கம் அரபிக் (அகேசியா மரத்துப் பிசின்) வாங்குற சின்ன கம்பெனிக்காரங்க, எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு முருங்கைப் பிசின் எடுத்த பசங்கனு மூணு பக்கத்துல இருந்தும் வர்ற கேள்விங்க இதுல கலந்து இருக்கு. பாக்கெட்ல போட்டிருக்கிற பேரு எந்த மரம்னு சொல்லாது, பிசினுக்குள்ள இருக்கிற சர்க்கரைங்கதான் சொல்லும், ஆனா அதையும் ஒரே ஒரு டெஸ்ட்ட வச்சு கேக்க முடியாது, இத மனசுல வச்சிக்கிட்டு படிங்க.

பிசினுக்குள்ள கெமிஸ்ட்ரிப்படி என்ன இருக்கு?

நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல சர்க்கரை மூலக்கூறுங்க கிளை கிளையா கோர்த்த பெரிய பாலிசாக்கரைடு. அதுல அங்கங்க யூரோனிக் ஆசிட்னு சொல்ற அமிலச் சர்க்கரையும் இருக்கும், அந்த அமிலத்தோட கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் சேர்ந்து உப்பா இருக்கும், அதனாலதான் பிசின எரிச்சா சாம்பல் மிஞ்சுது. கொஞ்சம் புரதமும் உண்டு, மிச்சம் தண்ணி.

குங்கிலியம், சாம்பிராணி எல்லாம் வேற ஜாதி. அதுங்க தண்ணில கரையாது, ஸ்பிரிட்ல கரையும். பிசின் நேர் எதிர், தண்ணில கரையும் இல்ல ஊதும், ஸ்பிரிட்ட ஊத்தினா வெள்ளையா திரிஞ்சு அடியில உக்காரும். பெருங்காயம் ரெண்டும் கலந்தது.

மரம் ஏன் பிசின் விடுது?

காயம் பட்டா, பூச்சியோ பூஞ்சையோ தாக்கினா, வறட்சி வந்தா விடும். கம் அரபிக் எடுக்குற சூடான்ல மழை முடிஞ்சு இலை உதிர ஆரம்பிக்கிற அக்டோபர், நவம்பர் வாக்குல பட்டைய உரிச்சு விட்டு, சில வாரம் கழிச்சு உருண்டை உருண்டையா எடுப்பாங்க.

கடைல பாதாம் பிசின்னு வாங்கினது நெசமாவே பாதாம் மரத்துதானா?

இந்தக் கேள்விதான் ரொம்ப வருது, ஜிகர்தண்டா பண்றவங்க எல்லாரும் கேக்குறாங்க. பாத்து சொல்ல முடியாது, ஏன்னா தண்ணில ஊறப்போட்டா ஜெல்லி மாதிரி பொங்குற பிசின் ஒண்ணு ரெண்டு இல்ல. பாதாம் மரத்துது பொங்கும், நம்ம நாட்டுல மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ஆந்திரா, தெலங்கானா காடுகள்ல ஸ்டெர்குலியா யூரன்ஸ் மரத்துல இருந்து பழங்குடி மக்கள் எடுக்குற கராயா பிசின் இன்னும் நல்லாவே பொங்கும், ஈரான் பக்கம் அஸ்ட்ரகாலஸ் முள்செடில இருந்து வர்ற ட்ராககாந்தும் பொங்கும். மூணையும் உடைச்சு கலந்து வச்சா கண்ணால பிரிக்கிறது சாமான்யமான வேலை இல்ல.

ஆனா ஆசிட்ல காய்ச்சி சர்க்கரைங்கள பிரிச்சுப் பாத்தா மூணும் தனித்தனியா நின்னுடும். பாதாம், பிளம், செர்ரி எல்லாம் ப்ரூனஸ் இனம், அந்தப் பிசின்ல அராபினோஸும் கேலக்டோஸும்தான் பெரும்பங்கு, கூட சைலோஸும் குளுக்குரோனிக் ஆசிடும் வரும். கராயால அராபினோஸ் இருக்காது, அதுக்கு பதிலா ராம்னோஸ், கேலக்டோஸ், கேலக்டுரோனிக் ஆசிட், குளுக்குரோனிக் ஆசிட் வரும், யூரோனிக் ஆசிட் மட்டுமே 35, 40 சதவீதம் வரைக்கும் போகும். ட்ராககாந்த்ல ஃப்யூகோஸ்னு ஒரு சர்க்கரை தெரியும், அதுவே அதோட அடையாளம். ஆக "பாதாம்"னு எழுதின பாக்கெட்ல அராபினோஸே இல்லாம கேலக்டுரோனிக் ஆசிட் நிறைய வந்தா, அது பாதாம் மரத்துது இல்லனு தைரியமா எழுதிக் கொடுக்கலாம்.

இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். கராயாவும் சாப்பிடுற பொருள்தான், உணவுல சேக்குற பொருளுங்களுக்கு உலக அளவுல குடுக்குற ஐஎன்எஸ் வரிசைல 416னு நம்பரே இருக்கு, விஷம் இல்ல. பிரச்சனை என்னன்னா ஒரு பொருளோட பேர சொல்லி இன்னொன்ன விக்கிறது. அதுக்கு விலை கொடுக்குறவங்களுக்கு தெரிஞ்சிருக்கணும்ல.

அத வீட்லயே கண்டுபிடிக்க வழி இல்லயா?

முழுசா இல்ல. குங்கிலியமா பிசினானு பாக்கலாம், மண்ணு, பட்டைத் துண்டு இருக்கானு பாக்கலாம், ஸ்டார்ச் கலந்திருக்கானு ஐயோடின் விட்டுப் பாக்கலாம் (விட்டத திரும்ப சாப்பிடாதீங்க). "தண்ணில போட்டா இத்தனை மணி நேரத்துல ஊதினா ஒரிஜினல்"னு வீடியோல சொல்றத நம்பாதீங்க, துண்டு பெருசா இருந்தா லேட்டாகும், பொடியா இருந்தா சீக்கிரம் ஊதும், அவ்வளவுதான் அதுல இருக்கிற கெமிஸ்ட்ரி.

காலேஜ் லேப் கிடைச்சா ஒரு நல்ல டெஸ்ட் இருக்கு. 60 சதவீத ஆல்கஹால்ல பிசின் பொடியப் போடுங்க. கராயா அதுலயும் ஊதும், மத்த பிசினுங்க ஊதாது. ஐநா உணவு அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்துற ஜெக்ஃபா கமிட்டி ஸ்பெசிஃபிகேஷன்லயே கராயாவ தனியா அடையாளம் காண இதத்தான் குடுத்திருக்காங்க.

கராயா பொடி டப்பாவ திறந்தா வினிகர் வாசனை அடிக்குதே, கெட்டுப்போச்சா?

கெட்டுப் போகல, அது அந்தப் பிசினோட குணம். கராயால சர்க்கரைங்க மேல அசிடைல் குரூப்புங்க ஒட்டி இருக்கும், ஈரமும் சூடும் பட்டா அது கழண்டு அசிட்டிக் ஆசிடா (வினிகர்ல இருக்கிற அதே அமிலம்) வெளிய வரும், பொடியா அரைச்சா இன்னும் வேகமா நடக்கும். அதனால கராயாவ முழுசா வாங்கி, தேவைப்படும்போது அரைக்கிறது நல்லது.

லேப்ல இதையே அளந்துடுவாங்க. பிசின பாஸ்பாரிக் ஆசிடோட சேர்த்து ஆவியில வடிச்சு, வர்ற ஆசிட சோடியம் ஹைட்ராக்சைட வச்சு டைட்ரேட் பண்ணணும். 0.1 நார்மல் காரம் ஒரு மில்லிக்கு 6 மில்லிகிராம் அசிட்டிக் ஆசிட்னு கணக்கு, அப்போ 1 கிராம் பிசினுக்கு 20 மில்லி பிடிச்சா 120 மில்லிகிராம், அதாவது 12 சதவீதம். கராயாவுக்கு 10 சதவீதத்துக்குக் குறையக் கூடாதுனு ஜெக்ஃபா சொல்லுது. குறைஞ்சா ஒண்ணு அது பழசு, இல்ல வேற எதையோ கலந்திருக்காங்க. காரத்துல போட்டு அசிடைல எல்லாம் எடுத்துட்டா கராயா ஊதுறத விட்டுட்டு கரைய ஆரம்பிச்சிடும், அவ்வளவு நாளும் கரைய விடாம புடிச்சிட்டு இருந்தது அந்த சின்ன குரூப்புதான்னு அப்போ புரியும்.

சாம்பிள் குடுத்தா லேப்ல முதல்ல என்ன பண்ணுவாங்க?

ஈரம், சாம்பல், கரையாத கசடு. போரடிக்கிற வேலை மாதிரி தெரியும், ஆனா மத்த எல்லா கணக்கும் இது மேலதான் நிக்குது. 105 டிகிரில 5 மணி நேரம் வச்சு எவ்வளவு எடை குறையுதுனு பாப்பாங்க, 5.000 கிராம் வச்சு 4.350 கிராம் மிஞ்சினா ஈரம் 13 சதவீதம். கம் அரபிக் உருண்டைக்கு 15 சதவீதம் வரைக்கும், ஸ்ப்ரே ட்ரை பண்ண பொடிக்கு 10 வரைக்கும் விடுவாங்க. அப்புறம் மஃபிள் ஃபர்னஸ்ல எரிச்சு சாம்பல், கம் அரபிக்னா 4 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. அந்த சாம்பல்ல ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊத்தினாலும் கரையாம நிக்கிறது மணல், அது 0.5 சதவீதத்துக்குள்ள இருக்கணும். ஈயம் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்குள்ள.

சர்க்கரைங்கள எப்படி பிரிச்சுப் பாக்குறாங்க? என் ப்ராஜெக்ட்ல யூரோனிக் ஆசிட் வரவே இல்ல.

பிசின் பெரிய மூலக்கூறு, அத அப்படியே எந்த மெஷின்ல போட்டாலும் சர்க்கரை பேரு வராது, முதல்ல உடைக்கணும். கந்தக ஆசிட் நீர்த்ததுலயோ ட்ரைஃப்ளோரோ அசிட்டிக் ஆசிட்லயோ போட்டு சூடு பண்ணுவாங்க. சிக்கல் எங்கன்னா எல்லா பிணைப்பும் ஒரே வேகத்துல உடையாது. அராபினோஸ் ஓரத்துல ஃப்யூரனோஸ் வடிவத்துல தொங்கிட்டு இருக்கும், லேசா சூடு பட்டாலே உதிர்ந்துடும், அதுக்கப்புறமும் ஆசிட்ல கொதிச்சிட்டே இருந்தா சிதைஞ்சும் போகும். யூரோனிக் ஆசிடுக்கும் அடுத்த சர்க்கரைக்கும் நடுவுல இருக்கிற பிணைப்பு அதுக்கு நேர்மாறு, பிடிவாதமா நிக்கும். கம் அரபிக்க ஆசிட்ல காய்ச்சினா குளுக்குரோனிக் ஆசிடும் கேலக்டோஸும் ஜோடியாவே, ஆல்டோபையூரோனிக் ஆசிடா வெளிய வரும், தனியா வராது. ஆக நேரம் கம்மியா வச்சா யூரோனிக் ஆசிட் கிடைக்காது, ஜாஸ்தியா வச்சா அராபினோஸ் போயிடும். அதனாலதான் பலபேரு மெத்தனாலிசிஸ் பண்றாங்க, ஹைட்ரஜன் குளோரைடு கலந்த மெத்தனால்ல காய்ச்சுறது, அது கொஞ்சம் மென்மையா உடைக்கும்.

உங்க ப்ராஜெக்ட் விஷயத்துக்கு வர்றேன். நீங்க சர்க்கரைங்கள ஆவியாகக் கூடிய ஆல்டிடால் அசிடேட் ஆக்கி ஜிசில (கேஸ் குரோமட்டோகிராபி) ஓட்டியிருந்தீங்கன்னா யூரோனிக் ஆசிட் வராது, அந்த முறைல அதுக்கு இடமே இல்ல, அமிலத்த முன்னாடியே ரெட்யூஸ் பண்ணி சர்க்கரையா மாத்தியிருந்தாத்தான் தெரியும். "யூரோனிக் ஆசிட் இல்லை"னு தீசிஸ்ல எழுதிடாதீங்க. கார்பசோல் கலர் டெஸ்ட்ல மொத்த யூரோனிக் ஆசிட தனியா அளந்துக்கலாம், ஆனா அது குளுக்குரோனிக்கா கேலக்டுரோனிக்கானு பிரிச்சு சொல்லாது. காசு இருக்கிற லேப்னா அயான் எக்ஸ்சேஞ்ச் குரோமட்டோகிராபில பல்ஸ்டு ஆம்பரோமெட்ரிக் டிடெக்டர் வச்சு எல்லாத்தையும் ஒரே ஓட்டத்துல பாத்துடுவாங்க. காசு இல்லயா, டிஎல்சி தட்டு போதும், சர்க்கரைங்கள புள்ளி புள்ளியா பிரிச்சுக் காட்டுற மெல்லிய பூச்சுத் தட்டு அது. கம் அரபிக்குக்கு அராபினோஸ், கேலக்டோஸ், ராம்னோஸ், குளுக்குரோனிக் ஆசிட் நாலு புள்ளி தெரியணும், மேனோஸ், சைலோஸ், கேலக்டுரோனிக் ஆசிட் புள்ளி தெரியவே கூடாது. தெரிஞ்சா வேற பிசின் கலந்திருக்கு. நம்ம வெக்காலி மரத்துப் பிசின், வியாபாரத்துல கம் காட்டினு சொல்றது, அதுல மேனோஸும் சைலோஸும் இயல்பாவே உண்டு, அத கலந்தா இந்த தட்டுலயே மாட்டிக்கும்.

ஆப்டிகல் ரொட்டேஷன் பாக்கச் சொல்றாங்க, அதுல என்ன தெரியும்?

பிசின் கரைசல் வழியா போற போலரைஸ்டு ஒளி எந்தப் பக்கம், எவ்வளவு திரும்புதுனு பாக்குறதுதான் இது. என்னைக் கேட்டா கம் அரபிக்க பொறுத்தவரைக்கும் காசுக்கு ஏத்த டெஸ்ட் இதுதான். சூடான்ல ரெண்டு பிசின் எடுக்குறாங்க. அகேசியா செனகல் மரத்துது ஹஷாப், அகேசியா செயால் மரத்துது தல்ஹா. ரெண்டையும் உணவுல சேக்கலாம், ரெண்டும் ஐஎன்எஸ் 414தான், ஆனா ஹஷாப் விலை ஜாஸ்தி, கூல் ட்ரிங்க் எசென்ஸ எண்ணெய் பிரியாம வைக்கிறதுக்கு அதுதான் கெட்டிக்காரப் பிசின். சர்க்கரைங்க பட்டியல் ரெண்டுக்கும் ஒண்ணேதான், அளவுதான் மாறும்: செனகல்ல கேலக்டோஸ் சுமார் 44, அராபினோஸ் 27, ராம்னோஸ் 13 சதவீதம், செயால்ல கேலக்டோஸ் 38, அராபினோஸ் 46, ராம்னோஸ் வெறும் 4. டிஎல்சி தட்டுல நாலு புள்ளியும் ரெண்டுக்கும் வந்துடும். ஆனா போலரிமீட்டர்ல வச்சீங்கன்னா செனகல் ஒளிய இடது பக்கம் திருப்பும், மைனஸ் 26ல இருந்து மைனஸ் 34 வரைக்கும், செயால் வலது பக்கம் திருப்பும், ப்ளஸ் 40ல இருந்து 60 வரைக்கும். குறியே மாறிடுது பாருங்க.

கலப்படமும் இதுலயே தெரியும். மைனஸ் 30 இருக்கிற ஹஷாப் 80 பங்கு, ப்ளஸ் 50 இருக்கிற தல்ஹா 20 பங்கு கலந்தா மைனஸ் 24ம் ப்ளஸ் 10ம் சேர்ந்து மைனஸ் 14, ரேஞ்ச விட்டு வெளிய வந்தாச்சு.

இங்கதான் ஈரக் கணக்கு முக்கியம்னு சொன்னேன். 100 மில்லில 1 கிராம் கரைச்சு 2 டெசிமீட்டர் குழாய்ல பாத்தா மைனஸ் 30 பிசினுக்கு மைனஸ் 0.60 டிகிரிதான் காட்டும். 13 சதவீதம் ஈரம் இருக்கிற பிசின உலர்ந்ததா நினைச்சு 1 கிராம் எடுத்தா உள்ள 0.87 கிராம்தான் போயிருக்கு, மீட்டர் மைனஸ் 0.52 காட்டும், நீங்க மைனஸ் 26னு எழுதுவீங்க, நல்ல சரக்கு ஓரத்துக்கு வந்து நின்னுடும், வித்தவர் மேல பழி விழும். கரைசல நல்லா வடிகட்டவும் செய்யணும், கலங்கலா இருந்தா இந்த சின்ன நம்பர படிக்கவே முடியாது.

எடின்பரோ பல்கலைக்கழகத்துல டி.எம்.டபிள்யூ. ஆண்டர்சன் பல வருஷம் உக்காந்து நிறைய அகேசியா பிசினுங்கள அளந்தார். செனகல் இருக்கிற வல்காரஸ் குரூப் மரங்க மைனஸ், செயால் இருக்கிற கம்மிஃபெரே குரூப் மரங்க ப்ளஸ்னு பொதுவா பிரியுதுனு அதுல தெரிஞ்சுது. பின்னாடி தாவரவியல்காரங்க அகேசியாவ உடைச்சு செனகாலியா, வச்செல்லியானு தனித்தனி பேரினம் ஆக்கினப்போ செனகல் ஒரு பக்கமும் செயால் இன்னொரு பக்கமும் போச்சு. பிசின் ஏற்கனவே சொல்லிட்டு இருந்த பிரிவுதான் அது, எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

அப்போ நம்ம ஊர் கருவேலம் பிசின கம் அரபிக்னு விக்கலாமா?

கருவேலம், அகேசியா நிலோட்டிகா, இப்போ வச்செல்லியா. அதுவும் ப்ளஸ் பக்கம், செயால விடவே தூக்கலா திருப்பும். ஜெக்ஃபா வரையறைல செனகலும் செயாலும்தான் இருக்கு, கருவேலம் இல்ல. கருவேலம் பிசின்னே சொல்லி வித்தா அதுல ஒரு தப்பும் இல்ல, நம்ம நாட்டு மருந்துக் கடைல காலங்காலமா அப்படித்தான் விக்குது. இன்னொண்ணு, கருவேலம் பட்டைல டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் ஜாஸ்தி, பட்டைத் துண்டோட எடுத்தா பிசின்லயும் ஏறும், 2 சதவீத கரைசல்ல ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டா கருத்துடும். கம் அரபிக்ல கருக்கக் கூடாது.

நைட்ரஜன் எதுக்கு பாக்குறாங்க, பிசின்ல என்ன புரதமா வேணும்?

சத்துக்கு இல்ல. செனகல் பிசின்ல நைட்ரஜன் 0.26ல இருந்து 0.39 சதவீதம், ஜெல்டால் முறைல (ஆசிட்ல காய்ச்சி நைட்ரஜன அம்மோனியாவா மாத்தி) அளப்பாங்க. அத புரதக் கணக்கா மாத்த வழக்கமா 6.25ஆல பெருக்குவோம், இந்தப் பிசின்ல இருக்கிற அமினோ ஆசிடுங்க வேற மாதிரி, ஹைட்ராக்சிப்ரோலின், செரின் ஜாஸ்தி, அதனால 6.6. அப்போ 0.33 வந்தா புரதம் சுமார் 2.2 சதவீதம். அந்த ரெண்டு சதவீதம்தான் முக்கியமான வேலைய பாக்குது. பிசின்ல சுமார் பத்துல ஒரு பங்கு அராபினோகேலக்டான் புரதம்ங்கிற பெரிய மூலக்கூறு, அதோட புரத முனை எண்ணெய்த் துளிய புடிச்சிக்கும், சர்க்கரைக் கிளைங்க தண்ணிப் பக்கம் விரிஞ்சு நின்னு துளியும் துளியும் ஒட்டாம பாத்துக்கும். செயால்ல நைட்ரஜன் இதுல பாதி கூட வராது. நைட்ரஜன் எதிர்பாத்தத விட ரொம்ப தூக்கலா வந்தா ஜெலட்டின் கலந்திருக்கானு சந்தேகப்படணும்.

பெருங்காயத்துல ஐயோடின் விட்டேன், நீலமாச்சு, கலப்படமா?

கூட்டுப் பெருங்காயம்னா நீலமாகத்தான் செய்யும். அதுல மைதாவும் கம் அரபிக்கும் சேக்குறது அனுமதி உள்ளது, லேபிள்லயே போட்டிருக்கும். தனியா கம் அரபிக்க 2 சதவீதம் கரைச்சு கொதிக்க வச்சு ஆற வச்சு ஐயோடின் விட்டு நீலமானா ஸ்டார்ச், செவந்தா டெக்ஸ்ட்ரின், அதுதான் கலப்படம்.

எஃப்டிஐஆர் எடுத்தா போதுமா?

போதாது. பிசின் எந்தெந்த அகச்சிவப்பு ஒளிய உறிஞ்சுதுனு காட்டுற டெஸ்ட் இது, நம்பருங்க cm⁻¹ அளவுல வரும். எல்லா பிசினுக்கும் 1000ல இருந்து 1100 வரைக்கும் சர்க்கரை பட்டை, 1600, 1420 பக்கம் கார்பாக்சிலேட், 3400 பக்கம் அகலமா ஓஎச். கராயாவுக்கு 1730 பக்கம் அசிடைல் நல்லா தெரியும், ஆனா அமில வடிவத்துல இருக்கிற கார்பாக்சிலும் அங்கதான் வரும். பாலிசாக்கரைடுதான்னு உறுதி பண்ணிக்க எடுங்க, மரத்து பேர அதுல தேடாதீங்க.

முருங்கை, வேம்பு, முந்திரி பிசின்ல ப்ராஜெக்ட் பண்ணலாமா?

தாராளமா பண்ணுங்க, நம்ம ஊர்ல கைக்கெட்டுற தூரத்துல கிடைக்குது. முருங்கைப் பிசின் வரும்போது வெள்ளையா இருக்கும், வெளிக்காத்து பட்டு செங்காவி நிறமா மாறும், அதனால புதுசு, பழசு ரெண்டையும் தனித்தனியா எடுத்து வைங்க. வேப்பம் பிசின்ல புரதம் மத்த பிசினுங்கள விட ரொம்ப அதிகம், குளுக்கோசமைனும் உண்டு, ஜெல்டால்ல நம்பர் பெருசா வந்தா பயந்துடாதீங்க. முந்திரிப் பிசின்ல கேலக்டோஸ்தான் பெரும்பங்கு, கூடவே குளுக்கோஸும் இயல்பாவே வரும், குளுக்கோஸ் வந்தாலே ஸ்டார்ச் கலப்படம்னு எழுதக் கூடாது, ஐயோடின் விட்டுப் பாத்துட்டு எழுதுங்க.

எந்தச் சர்க்கரை எதோட எந்த இடத்துல சேந்திருக்குனு எப்படி தெரியும்?

மெத்திலேஷன். சும்மா இருக்கிற ஓஎச் எல்லாத்தையும் மீத்தைல் அயோடைடு வச்சு மூடிட்டு அப்புறம் உடைச்சா, பிணைப்பு இருந்த இடம் மட்டும் மீத்தைல் இல்லாம நிக்கும், ஜிசியோட மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சேர்ந்த ஜிசிஎம்எஸ்ல அத படிச்சிக்கலாம். இன்னொண்ணு ஸ்மித் டிகிரடேஷன், பெரையோடேட் வச்சு ஓரக் கிளைங்கள ஒவ்வொரு சுத்தா கழிச்சுட்டே போய் நடுத்தண்ட பாக்குறது. கம் அரபிக்கோட நடுத்தண்டு கேலக்டோஸ் கேலக்டோஸா 1,3 பிணைப்புல போறது, 6வது இடத்துல கிளை பிரியுது. மீத்தைல் அயோடைடு விஷம், ஃப்யூம் ஹுட் இல்லாம தொடாதீங்க.

லேபுக்கு சாம்பிள் எப்படி எடுத்து அனுப்பணும்?

மேலாக இருக்கிற அழகான உருண்டை நாலு பொறுக்கி அனுப்பாதீங்க, கலப்படம் மூட்டையோட அடிலயும் நடுவுலயும்தான் இருக்கும். பல மூட்டைல மேல, நடு, அடினு எடுத்து, ஒண்ணா கொட்டி, பட்டைய பொறுக்காம அப்படியே உடைச்சு கலந்து, அதுல இருந்து பங்கு எடுங்க. பொடி பண்ணும்போது மிக்சி சூடாகாம விட்டு விட்டு அரைங்க, கராயாவா இருந்தா லேப்ல அரைக்கச் சொல்லிடுங்க. காத்து புகாத டப்பால போட்டு, எந்த ஊர்ல, எந்த மாசம், எந்த மரத்துலனு தெரிஞ்சத எழுதுங்க, கூடவே என்ன கேள்விக்கு பதில் வேணும்னும் எழுதுங்க. "முழு டெஸ்ட்"னு கேட்டா ஈரம், சாம்பல், கிருமி மட்டும் பாத்து ரிப்போர்ட் வரும், எந்த மரம்னு தெரிய வேண்டியவங்க சர்க்கரைப் பிரிப்பும் யூரோனிக் ஆசிடும், அகேசியானா ஆப்டிகல் ரொட்டேஷனும் நைட்ரஜனும் பேர் சொல்லிக் கேக்கணும்.